செவிக்கு எட்டாத ஒலிக்கு ஊருக்கு ஒரு பெயர்

வாசகர் கேள்வி - பதில்

(பதில் எழுதுபவர் புதுச்சேரியில் மருத்துவமனை ஸ்கேன் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரான்சிலிருந்து வரும் மருத்துவக் காகிதங்களைப் படித்துச் சொல்லி உதவுபவர்.)

கேள்வி: என் மகள் பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறாள். இது மூன்றாவது மாதம். போன வாரம் போனில், "அம்மா, எக்கோ எடுத்தாங்க, எல்லாம் நல்லாயிருக்கு" என்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள் அப்பாவுக்கு எக்கோ எடுத்தபோதுதான் வால்வு கோளாறு தெரியவந்தது. மகளுக்கும் இதயத்தில் ஏதாவது இருந்து மறைக்கிறார்களோ? மாப்பிள்ளை அனுப்பிய காகிதத்தில் தலைப்பு 'எக்கோகிராஃபி' என்று இருக்கிறது. என் அக்கா மகள் ஜெர்மனியில் பிரசவித்தபோது வேறு ஏதோ பெயர் சொன்னாள். ஒரே சோதனைக்கு இத்தனை பெயரா? காகித நகலை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: முதலில் நிம்மதியாக உட்காருங்கள் அம்மா. உங்கள் மகள் இதயத்துக்கு எந்தச் சோதனையும் செய்துகொள்ளவில்லை. நம் ஊரில் மூன்றாம் மாதம் வயிற்றில் எடுக்கும் அதே ஸ்கேன்தான் அது. பிரெஞ்சுக்காரர்கள் அதை எக்கோகிராஃபி என்பார்கள், பேச்சில் சுருக்கி 'எக்கோ' என்பார்கள். வயிறு, கழுத்து, கல்லீரல், மூட்டு, எதைச் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பிப் பார்த்தாலும் அவர்களுக்கு அது எக்கோதான். இதயத்துக்கு எடுத்தால் கூடவே 'கர்தியாக்' என்றோ 'கேர்' என்றோ ஒரு சொல் சேர்ந்து வரும். உங்கள் காகிதத்தில் அப்படி எதுவும் இல்லை. தலைப்பிலேயே 'ஒப்ஸ்தேத்ரிக்கால்' என்று போட்டிருக்கிறார்கள், பேறுகாலத்துக்கு உரியது என்று பொருள்.

நகலில் இருக்கும் மற்றதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த காகிதம் வரும்போது நீங்களே படித்துக்கொள்ளலாம். எஸ், ஏ என்ற இரண்டு எழுத்துக்கு முன்னால் 12 என்று எண் இருக்கிறது அல்லவா? கடைசி மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணிய வாரங்கள் அவை. எல், சி, சி என்பது குழந்தையின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளம். நம் ஊர் ரிப்போர்ட்டில் இதே அளவுக்கு சி.ஆர்.எல். என்று போடுவார்கள். உங்கள் பேரப்பிள்ளைக்கு 58 மில்லிமீட்டர், 12 வாரத்துக்குப் பொருந்தும் அளவு. 'கிளார்த்தே நுக்கால்' என்பது பிடரித் தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய நீர் இடைவெளி. நம் டாக்டர்கள் என்.டி. ஸ்கேன் என்று சொல்வது இதைப் பார்ப்பதற்காகத்தான். அந்த வரிக்கு எதிரே இயல்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மருத்துவர்.

பிரான்சில் ஒரு கர்ப்பத்துக்கு மூன்று ஸ்கேன் என்பது நடைமுறை. ஏறக்குறைய 12-ஆம் வாரம், 22-ஆம் வாரம், 32-ஆம் வாரம். ஆகவே இன்னும் இரண்டு முறை உங்கள் மகள் 'எக்கோ' என்று சொல்வாள். அப்போது பதற வேண்டாம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நாம் பிரசவ நாளை 40 வாரம் என்று கணக்குப் போடுகிறோம். பிரான்சில் பொதுவாக 41 வாரம் என்று போடுவார்கள். அதனால் நீங்கள் விரல் விட்டு எண்ணிய நாளும் மகள் சொல்லும் நாளும் ஒரு வாரம் வேறுபடும். விசா, டிக்கெட் எல்லாம் எடுக்கப்போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாரத்தை மனதில் வைத்து எடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. நான் அவசியம் என்று நினைப்பதால் எழுதுகிறேன். நீங்கள் லியோன் போன பிறகு அங்கே ஆஸ்பத்திரியில் யாரிடமும் 'ஸ்கேன்' என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். பிரெஞ்சில் 'ஸ்கானேர்' என்றால் சி.டி. ஸ்கேன், எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் காதில் விழுந்தால் கேட்பவர் திடுக்கிடுவார். எக்ஸ்ரே படத்தை அவர்கள் 'ராதியோ' என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. அங்கே எழுத்து மாறி ஐ.ஆர்.எம். ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருப்பதால் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. நமக்கு எல்லாமே ஸ்கேன். ஸ்கேன் அறையில் இருந்த காலம் முழுவதும் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். "போன மாசம்தான் ஸ்கேன் எடுத்தோம்" என்பார்கள். எந்த ஸ்கேன் என்று கேட்டால், "பெரிய மிஷின்ல" என்பார்கள். சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா, வயிற்றில் ஜெல் தடவிப் பார்த்ததா என்று தெரிந்துகொள்ள ஃபிலிமைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களை அப்படி அனுப்புவது எனக்குப் பெரிய வேதனை. சி.டி.யில் கதிர் உண்டு. ஜெல் தடவிப் பார்ப்பதில் கதிரே கிடையாது, வெறும் ஒலி. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான், "அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்குக் கதிர் பாயுமாமே" என்று மாமியார்கள் பயப்படுகிறார்கள்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். உங்கள் அக்கா மகள் சொன்னது 'உல்ட்ராஷால்' ஆக இருக்கும். ஷால் என்றால் ஒலி. உல்ட்ரா என்பது லத்தீன் சொல், அப்பால் என்று பொருள். மனிதக் காதின் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒலி. ஐரோப்பாவில் பாதிப் பேர் இந்த வழியில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்வீடனில் 'உல்ட்ராயூத்', டென்மார்க்கிலும் நார்வேயிலும் 'உல்ட்ராலூத்', ஹங்கேரியில் 'உல்ட்ராஹாங்', பின்லாந்தில் 'உல்ட்ராஆனி'. முதல் பாதி எல்லாருக்கும் லத்தீன், இரண்டாம் பாதி அவரவர் வீட்டுச் சொல். ரஷ்யாவில் 'உல்த்ராஸ்வூக்' என்பார்கள், ஆனால் சோதனையைக் குறிக்கும்போது மூன்று எழுத்தாகச் சுருக்கி 'ஊஸி' என்பார்கள். போலந்தில் யு, எஸ், ஜி. வேல்ஸ் மொழிக்காரர்கள் லத்தீனைத் தொடாமல் 'இயூக்சைன்' என்று தங்கள் மொழியிலேயே, உயர்ந்த ஒலி என்ற பொருளில் வைத்துக்கொண்டார்கள்.

மற்ற பாதிப் பேருக்கு, ஒலி காதுக்குக் கேட்கவில்லை என்பது பெரிய விஷயமாகப் படவில்லை. போன ஒலி பட்டுத் திரும்பி வருகிறதே, அதைப் பெயராக்கினார்கள். பிரெஞ்சு எக்கோகிராஃபி, ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 'எக்கோகிரஃபீயா' எல்லாம் அந்த வகை. நெதர்லாந்துக்காரர்கள் ஜெர்மானியர்களுக்கு மொழியில் நெருங்கிய சொந்தம், இருந்தும் கர்ப்பிணிப் பெண்கள் அங்கே 'எக்கோ' எடுக்கத்தான் போவார்கள். ஐஸ்லாந்தில் முறையான சொல் வேறு இருந்தாலும் பேச்சில் 'சோனார்' என்கிறார்கள், கப்பலில் ஒலியை அனுப்பி எதிரொலியைப் பார்க்கும் அதே சோனார்.

இந்த இரண்டு வழியும் ஒரே சொல்லில் சந்திக்கும் இடம் கிரேக்கம். அங்கே இதற்கு 'இப்பேரிகோஸ்' என்று பெயர். 'இப்பேர்' என்றால் மேலே, அப்பால். 'ஈகோஸ்' என்றால் ஒலி. எதிரொலியைக் குறிக்கும் எக்கோ என்ற சொல்லும் அந்த ஈகோஸின் பங்காளிதான்.

நம் ஊரில் எக்கோ ஏன் இதயத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டது என்றால், அது ஆங்கிலத்தின் வழியாக வந்தது. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் முதன்முதலாக இதயத்தின் அசைவை இந்த ஒலியால் பதிவு செய்தார்கள். பிற்பாடு ஆங்கிலத்தில் அந்தச் சோதனைக்கு எக்கோகார்டியோகிராஃபி என்ற பெயர் நிலைத்தது, சுருக்கமாக எக்கோ. வயிற்றுக்கு ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ என்று ஆங்கிலம் பிரித்ததை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம். லியோனில் இருக்கும் உங்கள் மகள் அந்த ஊர்ப் பேச்சில் சொன்னாள், முத்தியால்பேட்டையில் இருக்கும் நீங்கள் நம் ஊர்ப் பேச்சில் கேட்டீர்கள். நடந்தது இவ்வளவுதான். இன்றைக்கே அவளிடம் பேசிவிடுங்கள். நீங்கள் கவலைப்பட்டது தெரிந்தால் அவளும் இனிமேல் விளக்கமாகச் சொல்வாள்.

கேள்வி: எங்களுடையது பிரெஞ்சு குடியுரிமை உள்ள சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பம். பிரான்சில் இருக்கும் என் தங்கைக்கு ஐந்தாம் மாதமே பெண் குழந்தை என்று சொல்லிவிட்டார்கள். நான் இங்கேயே பிரசவம் பார்க்கிறேன். பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் காட்டினால் இங்கும் சொல்வார்களா?
- ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்னும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மண்ணில் இருக்கும் ஸ்கேன் கருவிக்கும் அதை இயக்கும் டாக்டருக்கும் பொருந்தும். உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது அங்கே பேச்சே இல்லை. சொல்கிற மருத்துவருக்கு முதல் முறையே 3 ஆண்டு வரை சிறை. சொல்லும்படி கேட்கிறவர்களுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெண் என்று தெரிந்ததும் கலைத்த வீடுகள் இருந்ததால் வந்த சட்டம் இது. உங்கள் வீட்டில் அப்படி நினைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் ஸ்கேன் அறைக்குள் போய், "சும்மா ஆசைக்குத்தான்" என்று அங்கிருக்கும் பெண்ணைத் தர்மசங்கடத்தில் தள்ளாதீர்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியர். என் தந்தையார் விட்டுச் சென்ற பழைய ஆங்கில இயற்பியல் புத்தகம் ஒன்றில், கடலின் ஆழத்தை 'சூப்பர்சானிக்' அலைகளால் அளக்கலாம் என்று இருக்கிறது. சூப்பர்சானிக் என்பது விமானத்துக்கு உரிய சொல் அல்லவா? அச்சுப் பிழையா?
- ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பிழை இல்லை ஐயா, அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆங்கிலத்தில் செவிக்கு எட்டாத உயர்ந்த ஒலிக்கே சூப்பர்சானிக் என்று எழுதி வந்தார்கள். சூப்பர் என்பதும் லத்தீனில் மேலே என்பதுதான். அப்புறம் ஒலியை விட வேகமாகப் பறக்கும் விமானம் பற்றிய பேச்சு பெருகியது. 1947 அக்டோபர் 14-இல் அமெரிக்காவில் சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் அந்த வேகத்தைத் தாண்டினார். விமானக்காரர்கள் சூப்பர்சானிக்கை எடுத்துக்கொள்ள, ஒலிக்காரர்கள் அல்ட்ராசானிக் பக்கம் முழுவதுமாக நகர்ந்துவிட்டார்கள். அதற்கு முன் அச்சான புத்தகங்களில் எந்தப் பொருளில் வருகிறது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்களிடம் உல்த்ரா என்ற சொல் ஆரம்பத்திலேயே இருந்தது. முதல் உலகப்போர் நடந்தபோது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க பால் லாஞ்செவேன் என்ற இயற்பியலாளர், ரஷ்யாவிலிருந்து வந்த சிலோவ்ஸ்கி என்ற பொறியாளரின் யோசனையைக் கையில் எடுத்தார். கருவிக்கு உயிராக அமைந்தது குவார்ட்ஸ் படிகம். அதை அழுத்தினால் மின்சாரம் வரும், மின்சாரம் கொடுத்தால் அதிரும். இந்தக் குணத்தைப் படிகங்களில் 1880-இல் கண்டுசொன்னவர்கள் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும். லாஞ்செவேன் பியேரிடம் படித்தவர். தூலோன் துறைமுகத்தில் சோதனை செய்யும்போது அந்த ஒலிக்கு நேராக நீந்திய மீன்கள் செத்துப்போவதையும், தண்ணீருக்குள் கையை நீட்டினால் வலிப்பதையும் பார்த்தார்கள். அந்தக் கருவியின் சக்தி அப்படி. இப்போது கர்ப்பிணியின் வயிற்றில் வைப்பது மிகமிகக் குறைந்த சக்தி. முன்கேள்வி கேட்ட சகோதரிகள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம்.

விமானத்தையும் ஒலியையும் பிரிக்க ஒவ்வொரு மொழியும் ஒரு வழி கண்டது. ஜெர்மனில் ஒலிக்கு உல்ட்ராஷால், விமான வேகத்துக்கு 'ஊபர்ஷால்'. ஊபர் என்பதும் மேலே, அப்பால் என்பதுதான், ஆனால் சொல் வேறு என்பதால் மயக்கம் இல்லை. ரஷ்ய மொழியும் அதேபோல் ஒன்றுக்கு லத்தீன் முன்னொட்டு, மற்றொன்றுக்குத் தன் சொந்த முன்னொட்டு என்று பிரித்துக்கொண்டது. கிரேக்கத்தில் மட்டும் இரண்டுக்கும் அதே 'இப்பேர்'.

தமிழில் நம் நிலையும் கிரேக்கத்தைப் போல ஆகிக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகம் அல்ட்ராசானிக்குக்கு மீயொலி என்கிறது. நல்ல சொல். 'மிகை', 'மீ' என்பதெல்லாம் நமக்குப் பழகியது. ஆனால் சில கட்டுரைகளில் விமானத்தையும் ஏவுகணையையும் மீயொலி வேகம் என்று எழுதுகிறார்கள். மாணவர் ஒருவர் இரண்டையும் ஒரே நாளில் படித்தால், ஏவுகணையின் சத்தம் காதுக்குக் கேட்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். வகுப்பில் நீங்கள் மீயொலியை ஒலிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, விமானத்துக்கு 'ஒலியை மிஞ்சிய வேகம்' என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பிள்ளைகளுக்குத் தெளிவாகப் போய்ச் சேரும்.

கேள்வி: நான் விசைப்படகு ஓட்டுகிறேன். படகில் எக்கோ இருக்கிறது, திரையில் தரையும் மீன் கூட்டமும் தெரியும். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது அந்தத் திரையைப் பார்த்தேன், கிட்டத்தட்ட அதேபோல் இருந்தது. டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது. இரண்டும் ஒன்றா?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, டாக்டரிடம் கேட்டிருக்கலாம், அவரே சந்தோஷப்பட்டிருப்பார். நீங்கள் பார்த்தது சரி. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. உங்கள் படகின் அடியில் இருக்கும் கருவி ஒலியைக் கீழே அனுப்பிவிட்டு, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அனுப்பிய ஒலி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், போகவர 150 மீட்டர், அப்படியானால் ஆழம் 75 மீட்டர். உங்கள் கணக்கில் ஏறக்குறைய 41 பாகம். மனித உடலின் சதையில் ஒலியின் வேகம் 1,540 மீட்டர் என்று ஸ்கேன் கருவியில் வைத்திருப்பார்கள். நம் உடம்பில் பெரும்பகுதி நீர் என்பதால் அந்த நெருக்கம்.

வேறுபாடு ஒலியின் அதிர்வில்தான். படகுக் கருவியில் பெரும்பாலும் 50 ஆயிரம் ஹெர்ட்ஸ் அல்லது 2 லட்சம் ஹெர்ட்ஸ். விநாடிக்கு அத்தனை தடவை அதிர்கிறது என்று பொருள். வயிற்று ஸ்கேனில் அது 35 லட்சம் ஹெர்ட்ஸ் அளவுக்குப் போகும். அதிர்வு கூடக்கூட நுணுக்கம் கூடும், ஆனால் தூரம் குறையும். ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். படகில் இரண்டு அளவு வைத்திருப்பதும் அதற்குத்தான். ஆழ்கடலுக்கு 50 ஆயிரம், கரையோரத்துக்கு 2 லட்சம். 35 லட்சத்தில் ஒரு அலையின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால்தான் இரண்டரை அங்குலம்கூட இல்லாத குழந்தையின் கை கால் அசைவையும் பார்க்க முடிகிறது.

உங்கள் திரையில் மீனாகத் தெரிவது பெரும்பாலும் மீனின் சதை இல்லை, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. நீருக்கும் காற்றுக்கும் இடையில் ஒலி பட்டால் அநேகமாக முழுவதும் திரும்பிவிடும். காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் அந்த அளவு பளிச்சென்று தெரியாததற்குக் காரணம் அதுதான். உங்கள் மனைவியின் வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவியதும் இதே காரணத்தால். வயிற்றில் வைக்கும் ப்ரோப் கருவிக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது.

இரண்டு கருவியும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பது தற்செயல் இல்லை. மருத்துவர்கள் இதைக் கப்பல் பட்டறையிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும்தான் வாங்கினார்கள். மேலே சொன்ன எட்லரும் ஹெர்ட்ஸும் முதலில் இதயத்தைப் பார்த்தது, மால்மோ நகரின் கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த கருவியை வாங்கிப் பார்த்துத்தான். ஸ்காட்லாந்தில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1955-இல், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டு ரென்ஃப்ரூ ஊரில் கொதிகலன் செய்யும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் ஆலைக்குப் போனார். உலோகம் சோதிக்கும் கருவியை அந்தக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைத்திருந்தார்கள். நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வேறு வேறு மாதிரி வந்தது. 1958-இல் அவரும் உடன் வேலை செய்தவர்களும் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் கர்ப்பகால ஸ்கேன் உலகம் முழுவதும் பரவியது. நீங்கள் துறைமுகத்தில் பேசும் எக்கோவும் பிரான்சில் கர்ப்பிணி பேசும் எக்கோவும் ஒரே சொல், ஒரே பொருள். இந்த இதழின் முதல் கேள்வியைப் படித்த பிறகு உங்களுக்கே அது புரிந்திருக்கும்.

கேள்வி: 2004 சுனாமி வந்தபோது எங்கள் ஊர் நாய்கள் முன்னாலேயே ஓடிவிட்டன என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நமக்குக் கேட்காத ஒலி ஏதாவது அவற்றுக்குக் கேட்டிருக்குமா?
- ஒரு கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்

பதில்: உங்கள் ஊர் அன்றைக்கு இழந்ததை நினைத்துக்கொண்டு, கவனமாகவே பதில் சொல்கிறேன். நமக்குக் கேட்காத ஒலி மேலே மட்டும் இல்லை, கீழேயும் உண்டு. விநாடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே போனால் நம் காது அதை ஒலியாக எடுத்துக்கொள்ளாது. லத்தீனில் 'இன்ஃப்ரா' என்றால் கீழே. பிரெஞ்சில் 'அன்ஃப்ராசோன்', ஜெர்மனில் 'இன்ஃப்ராஷால்', இத்தாலியில் 'இன்ஃப்ராசுவோனோ' எல்லாம் அதிலிருந்து வந்தவை. கிரேக்கர்கள் 'இப்போ' என்ற தங்கள் முன்னொட்டைப் போட்டு 'இப்போயிகோஸ்' என்கிறார்கள். நம் பாடநூலில் குற்றொலி.

இந்த ஒலி வெகுதூரம் போகும். 1883 ஆகஸ்ட் 27-இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது, 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் ரோட்ரிகஸ் தீவில் பீரங்கிச் சத்தம் போலக் காதுக்கே கேட்டது. காதுக்குக் கேட்காத அழுத்த அலை அதற்கும் மேலே போய் உலகத்தைப் பல முறை சுற்றியதைக் காற்றழுத்தமானிகள் பதிவு செய்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26-இன் நிலநடுக்கமும் அப்படிப்பட்ட ஒலியை எழுப்பியது. இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தீவில், அணுகுண்டு சோதனைகளைக் கண்காணிக்க வைத்திருக்கும் நிலையத்தில் அது பதிவாகியிருக்கிறது. ஆகவே ஒலி இருந்தது உண்மை.

ஆனால் நாய்க்கு அது கேட்டிருக்குமா என்றால், இந்தப் பக்கம் நாயின் காது நம்மை விடச் சிறந்தது இல்லை. நாய் நம்மை மிஞ்சுவது மேல்பக்கத்தில்தான். கீழ்பக்கத்தில் வல்லது யானை. 1980-களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிசாலையில் யானைக் கூண்டருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், காதுக்கு எதுவும் கேட்காமல் காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவு செய்து வேகத்தைக் கூட்டிக் கேட்டபோது யானைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. யானைகளாவது சுனாமிக்கு முன் ஓடினவா என்று பார்க்கவும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. இலங்கையின் யால காட்டில் சில யானைகளின் கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை கட்டியிருந்தார்கள். அந்தப் பதிவில், அலை வருவதற்கு முன் அவை வழக்கத்துக்கு மாறாக ஓடியதாகத் தெரியவில்லை. உங்கள் பெரியவர்கள் பார்த்ததை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கடல் உள்வாங்கியதும் மனிதர்கள் கூச்சலிட்டதும் எல்லாம் நடந்த நேரம் அது, நாய் ஓடக் காரணம் பல இருக்கும். விலங்குகளை நம்பி நாம் கரையில் நிற்க முடியாது. எச்சரிக்கை வந்தால் நீங்களும் உங்கள் வீட்டாரும் உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். போனில் ஒரு செயலியில் 14,000 ஹெர்ட்ஸ் ஒலி வைத்தேன். எனக்கு 'கீ' என்று கேட்கிறது, தாத்தாவுக்குக் கேட்கவே இல்லை. அப்படியானால் தாத்தாவுக்கு அது மீயொலியா?
- ஒரு மாணவி, நெல்லித்தோப்பு

பதில்: நல்ல கேள்வி கண்ணு. பெயர் வைத்தவர்கள் நல்ல காது உள்ள இளைஞரை மனதில் வைத்து 20,000 என்று ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால்தான் மீயொலி. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அது மாறாது. ஆனால் உன் தாத்தாவின் காதுக்கு எல்லை கீழே இறங்கிவிட்டது, வயதானால் எல்லாருக்கும் இறங்கும். இதை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். 1876-இல் ஒரு சின்ன விசில் செய்தார், அதன் நீளத்தைத் திருகித் திருகி ஒலியை ஏற்றலாம். அதைக் கைத்தடியின் முனையில் பொருத்திக்கொண்டு விலங்குக்காட்சிசாலைக்குப் போய், எந்த விலங்கு காதைத் திருப்புகிறது என்று பார்த்தார். பூனைதான் கெட்டிக்காரி என்று எழுதிவைத்தார். பூனைக்கு 60 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேயும் கேட்கும், நாய்க்கு 45 ஆயிரம் வரை. நம் வீட்டு எலியும் வௌவாலும் நமக்குத் தெரியாமல் இந்த உயரத்தில் நிறையப் பேசிக்கொள்கின்றன.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். 14,000 கேட்கவில்லை என்பதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, அந்த வயதில் அது இயல்பு. மனிதர்கள் பேசும் பேச்சு அதற்கு மிகவும் கீழே இருக்கிறது. ஆனால் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா, 'ச'வும் 'த'வும் கலந்து கேட்கிறதா, பேத்தி கூப்பிட்டால் திரும்பவில்லையா என்று கவனித்துக்கொள். அப்படி இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப்போய் ஆடியோமெட்ரி என்ற கேட்கும் திறன் சோதனை எடுக்கச் சொல். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள், வலி எதுவும் இருக்காது. போனில் வைத்த சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யாதே, அந்தச் சின்ன ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் ஒரே அளவில் தராது. ஹெட்போனில் வைத்திருந்தால் சத்தத்தை முழுக்க ஏற்றாதே. 'கீ' என்று கேட்கும் அந்தக் காது உனக்கு நெடுநாள் வேண்டும்.